ஆவணி விடுமுறையும் யப்பான் மல்லர்களும்

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களுள், பரந்தனுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்திலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் எழுதியிருந்த கடிதம் நம்மைச் சிறிது நேரம் வேறு வேலை பார்க்கவிடாமல் இருத்திவிட்டது. அவருடைய கணவரின் தம்பி யப்பானில் தொழில் பார்க்கிறார். ஏழாண்டுகளாக ஊருக்கு வந்ததில்லை. வருகிற ஆகஸ்டு மாதப் பாடசாலை விடுமுறையில் வீட்டார் ஐவரையும் தம்மிடம் வரவழைத்துப் பத்து நாள் வைத்திருப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார். ஐவர் என்பது கணவன், மனைவி, 14 வயது மகன், 12 வயது மகள், 74 வயது மாமனார்.

பிரயாணச் சீட்டு விசாரிக்கப் போன இடத்தில், “ஆகஸ்டில் யப்பானில் சுமோ கிடையாது, போட்டி நடக்காத மாதம், பிள்ளைகளை விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்” என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரு மௌனம். ஏனெனில் மாமனார் இந்தப் பயணத்துக்கு உடன்பட்டதே சுமோ மல்லரைக் காணலாம் என்பதற்காகத்தான். கோபுரமும் வேண்டாம், கடுகதிப் புகையிரதமும் வேண்டாம் என்கிறார். “போட்டி இல்லாத மாதத்தில் எதைத்தான் காட்டலாம்? ஒன்றும் இல்லையென்றால் அதையாவது எழுதுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறோம்” என்று சகோதரி முடித்திருக்கிறார்.

ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. எனினும் மாமனாரின் விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். அதை விட்டுவிட்டு இடங்களையும் நேரங்களையும் மட்டும் எழுதினால் நமது ஆலோசனை பாதி பிழைத்துவிடும்.

பெரியவர் ஒரு காலத்திற் சவாரி மாடு வளர்த்தவர். மாட்டுவண்டிச் சவாரிக்கு வன்னியில் இருந்த மதிப்பை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வட்டக்கச்சிப் பக்கம் சவாரி என்றால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று பழைய தலைமுறையினர் வேடிக்கையாகச் சொல்வர். 2009 இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது கடைசிச் சோடியைக் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுப் போனார்களாம். அதன்பின் பெரியவர் சவாரித்திடல் இருக்கும் பக்கமே தலைவைத்தும் படுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பேரன் கைத்தொலைபேசியிற் சுமோ பார்க்கத் தொடங்கினான். ஒருநாள் அப்பப்பாவும் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்த வேளையில் மேடையில் நின்றவன் யப்பானியன் அல்லன். உக்ரேன் நாட்டு இளைஞன்.

அந்த இளைஞரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 2004 இல் உக்ரேனின் வின்னிட்சியா நகரிற் பிறந்தவர். சிறு வயதிலேயே சுமோ பயின்று, 2019 இல் யப்பானில் நடந்த இளைஞர் உலகப் போட்டிக்கு வந்தார். அங்கே யப்பானிய மாணவர் ஒருவருடன் ஏற்பட்ட நட்பு பின்னர் அவருக்குக் கைகொடுத்தது. 2022 பெப்ரவரியில் அவருடைய நாட்டின்மீது போர் மூண்டது. பெற்றோர் ஜேர்மனிக்குச் செல்ல, பிள்ளை அந்த மாணவ நண்பரின் உதவியுடன் யப்பானுக்குச் சென்றார். 2023 இல் தொழின்முறை மல்லராகச் சேர்ந்தார். அவருக்கு அவோனிஷிகி என்று மல்லர்ப் பெயர் இடப்பட்டது. அப்பெயரின் முதற் பகுதி நீல நிறத்தைக் குறிக்கும் சொல். 2025 நவம்பரில் ஃபுகுவோக்காவில் நடந்த போட்டியில் முதற்பரிசை வென்று, ‘ஒசேகி’ என்னும் இரண்டாம் உயர்நிலைக்கு ஏறினார். மூன்றாண்டு நிரம்பாத தொழிலில் இது மிக அரிது.

பேரன் இந்தக் கதையைச் சொன்னதும், “அந்தப் பொடியனை ஒருக்கா நேரில பார்க்க வேணும்” என்றாராம் பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே, பொதுவாகச் சுமோவை எங்கே காணலாம் என்ற வினாவுடன், ஆகஸ்டு மாதத்தில் முன்னணி மல்லர்கள் எங்கே இருப்பார்கள் என்ற வினாவும் இங்கே சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து அறியாதவர்கள்தான் டோக்கியோவுக்குப் போய் வெறும் வாசலைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

வருடத்தில் ஆறு பெரும் போட்டிகள். இம்முறை 1958 முதல் நிலைத்து வருகிறது. ஜனவரி, மே, செப்டெம்பர் மாதங்களில் டோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாக்காவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோக்காவிலும் நடைபெறும். ஒவ்வொன்றும் 15 நாள். எல்லாம் ஒற்றைப்படை மாதங்கள் என்பதைக் கவனியுங்கள். நமது பாடசாலைகளுக்கோ விடுமுறை ஏப்ரல், ஆகஸ்டு, டிசெம்பர். அண்மைக் காலத்தில் தவணைகள் முன்பின்னாக நகர்ந்திருந்தாலும் வழக்கம் அதுவே. இலங்கைப் பெற்றோர் பிள்ளைகளுடன் போகக்கூடிய மாதமெல்லாம் போட்டி இல்லாத மாதமாகவே அமைந்துவிட்டது. இதைக் கண்டுதான் அந்தப் பயணச் சீட்டுக்காரர் கையை விரித்திருக்க வேண்டும்.

ஆனால் இரட்டைப்படை மாதங்களில் மல்லர்கள் உறங்குவதில்லை. ஏப்ரல், ஆகஸ்டு, ஒக்டோபர், டிசெம்பர் ஆகிய மாதங்களில் அவர்கள் ஊர் ஊராகப் புறப்படுகிறார்கள். ‘ஜுங்யோ’ என்று பெயர் பெற்ற இந்த நாட்டுச் சுற்று, பெரிய நகரங்களுக்கு வர வாய்ப்பில்லாத சிற்றூர் மக்களுக்காக நடப்பது. நமது மூன்று விடுமுறை மாதங்களும் அந்த நான்கினுள் அடங்கிவிட்டன! கோடைச் சுற்று பெரும்பாலும் வட கிழக்குப் பகுதிகளையும் ஹொக்கைடோத் தீவையும் நோக்கிச் செல்லும். வழியில் டோக்கியோவிலிருந்து எட்டக்கூடிய ஊர்களும் உண்டு. எந்த நாள் எந்த ஊர் என்பதைச் சுமோ சங்கம் முன்கூட்டியே வெளியிடுகிறது. நுழைவுச் சீட்டை அந்தந்த ஊர் ஏற்பாட்டாளர் விற்பர். சில ஊர்களில் அது யப்பானிய மொழியில் மட்டுமே கிடைக்கும். கொழுந்தனார் அங்கிருந்தபடியே வாங்குவதுதான் நல்லது, அதுவும் இப்போதே தொடங்கி.

நமது அபிப்பிராயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பெரும் போட்டியைக் காட்டிலும் இந்த ஊர்ச் சுற்றே ஏற்றது. பெரும் போட்டியில் ஒரு மல்லர் ஒரு நாளில் ஒரு முறைதான் மோதுவார். அந்த மோதல் பல சமயம் பத்து வினாடியில் முடிந்துவிடும். சவாரியைப் போலத்தான். காலை தொடங்கிக் காத்திருந்து, வந்ததும் போனதும் தெரியாமற் புழுதியைப் பார்த்துவிட்டு வருவோமே, அது. ஊர்ச் சுற்றிலோ காலை 9 மணியளவிற் பறை முழங்கக் கதவு திறக்கிறது. முன்னணி மல்லர்களே மேடையில் ஏறிப் பயிற்சி செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் மார்பால் ஏற்று மேடையின் அந்தக் கரைவரை தள்ளிக்கொண்டு போவதையும், தள்ளியவர் மண்ணில் உருண்டு எழுந்து மறுபடி வருவதையும் மணிக்கணக்காகப் பார்க்கலாம். பிறகு உள்ளூர்ச் சிறுவர்கள் பெரிய மல்லரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தள்ளும் விளையாட்டு. செய்யக்கூடாத பிழைகளையெல்லாம் வேண்டுமென்றே செய்து இருவர் நடிக்கும் ‘ஷொக்கிரி’ என்னும் ஹாஸ்யச் சுமோ. மொழி தெரியாதவருக்கும் சிரிப்பு வரும். மல்லர்கள் வட்டமாக நின்று பாடும் பாட்டு. கூந்தலை வாரிக் கொண்டை முடிக்கும் விதத்தையும், உயர்நிலை வீரரான யொகொசுனாவின் இடுப்பில் வெண்கயிறு கட்டும் முறையையும் மக்கள் முன்னே செய்து காட்டுவார்கள். கடைசியில் மோதல்கள். பிற்பகல் 3 மணியளவில் எல்லாம் நிறைவெய்தும். இவற்றுள் பல பெரும் போட்டிக் காலத்திற் கிடைக்கவே மாட்டா.

ஊர்ச் சுற்று என்பது யப்பானுக்குள் மட்டும் நிற்பதில்லை. 1991 இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்துக்கு மல்லர்கள் சென்றனர். 34 ஆண்டு கழித்து 2025 ஒக்டோபரில் அதே மண்டபத்தில் ஐந்து நாள் மீண்டும் மோதினர். இலண்டனில் இருக்கும் நமது உறவினர் எத்தனை பேர் அதைத் தவறவிட்டார்களோ!

எனவே ஐவரும் ஒரு நாளை இந்தச் சுற்றுக்கென ஒதுக்கட்டும். காயம் முதலிய தடை இல்லாவிடில் பெரியவர் காண விரும்பும் இளைஞர் அங்கேதான் இருப்பார்.

இப்போது டோக்கியோ. மல்லர்கள் கூடி வாழும் மனைகளுக்கு ‘ஹேயா’ என்று பெயர். ஏறக்குறைய 45 மனைகள். பெரும்பாலானவை டோக்கியோவிலும் அதன் அயலிலும் உள்ளன. அங்கே விடியற்காலைப் பயிற்சியைக் காணலாம் என்று பிரயாண நூல்கள் யாவும் கூறும். கூறாமல் விடுவது ஒன்றுண்டு. ஊர்ச் சுற்று நடக்கும் நாட்களில் மேல்நிலை மல்லர்கள் மனையில் இரார். மார்ச், ஜூலை, நவம்பர் மாதங்களில் மனை முழுவதுமே போட்டி நடக்கும் நகருக்குப் பெயர்ந்துவிடும். ஒவ்வொரு போட்டியும் முடிந்தபின் ஏறத்தாழ ஒரு வாரம் பயிற்சிக்கு ஓய்வு. ஆகவே ஆகஸ்டு முற்பகுதியிற் போகிறவர்கள் இளைய மல்லர்கள் சிலரையே காணக்கூடும். மாதக் கடைசியில், செப்டெம்பர்ப் போட்டிக்காக எல்லோரும் திரும்பிய பின், மனைகள் மீண்டும் நிறையும். ஆனால் சிறுபோக அறுவடைக்கு முன் ஊர் திரும்ப வேண்டும் என்று சகோதரியின் கணவர் கூறுகிறாராம். கமக்காரனுக்கும் மல்லனுக்கும் பஞ்சாங்கம் ஒத்துவராது போலும்.

இளைய மல்லரைக் காண்பதும் வீணல்ல என்போம். சுமார் 600 மல்லர்களில் மேல் இரு பிரிவிலுள்ள 70 பேருக்கே மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு உணவும் உறையுளும் சிறு படியுமே. சமையல், கூட்டுதல், மூத்தவருக்குப் பணிவிடை எல்லாம் அவர்கள் தலையில். அதிகாலையில் வெறும் வயிற்றுடன் களத்தில் இறங்கி, ஒரு காலை உயரத் தூக்கி நிலம் அதிர ஊன்றுவார்கள், மறு காலையும் அவ்வாறே, நூற்றுக்கணக்கான தடவை. மரத் தூணைக் கையால் அறைந்து அறைந்து தோளை உரமாக்குவார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் காண வேண்டியது இதுதான். வென்றவனின் வெள்ளிக் கிண்ணத்தைத் தொலைக்காட்சி காட்டிவிடும்; இதைக் காட்டாது.

பெரும்பாலான மனைகளுக்கு முன் அனுமதி வேண்டும். தெரிந்தவர் மூலமாகவோ கட்டணம் பெறும் வழிகாட்டி மூலமாகவோ போகலாம். ஹமச்சோப் பகுதியிலுள்ள அரஷியோ மனையில் தெருவை நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரம் உண்டு. வெளியே நின்றபடியே பயிற்சியைப் பார்க்கலாம், கட்டணமும் இல்லை. அன்று பயிற்சி நடக்கிறதா என்று முதல் நாள் விசாரித்துக்கொள்ள வேண்டும். நடைபாதையை மறிக்கலாகாது, கண்ணாடியைத் தட்டலாகாது. உள்ளே அனுமதி கிடைக்கும் மனைகளிற் பேச்சே கூடாது. உள்ளங்கால் களத்தை நோக்கி நீட்டக் கூடாது. பாதியில் எழுந்து வருவது மரியாதைக் குறைவு. நம் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் எப்படி உட்காரச் சொன்னார்களோ அப்படி உட்கார்ந்தாற் போதும். முழங்கால் நோவுள்ளவர் முன்னரே கேட்டு வைப்பது நல்லது, நாற்காலி எங்கும் இராது. ஊர்ச் சுற்றிலும் தரையில் மெத்தையிட்ட இடத்தை விட்டு, நாற்காலி வரிசையிற் பெரியவருக்கு இடம் பெறுக.

கோயிலைச் சொன்னது காரணத்துடன்தான். அந்தக் களிமண் மேடை வெறும் ஆடுகளமன்று. 4.55 மீற்றர் குறுக்களவுள்ள வட்டத்தை வைக்கோற் புரிகளால் அமைத்து, போட்டிக்கு முதல் நாள் நடுவிலே சிறு குழி தோண்டி, கழுவிய அரிசி, உப்பு, கடற்பாசி, உலர்ந்த கணவாய், கொட்டை வகைகள் ஆகியவற்றை இட்டு மூடிச் சடங்கு செய்கிறார்கள். மல்லர் உப்பு எறிவது இடத்தைத் தூய்மையாக்க. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரித்துப் பழகிய மண்ணில் இருப்போருக்கு இவை புதுமையாகத் தோன்றா.

ஆனால் 12 வயது மகளுக்கு ஒரு செய்தியை முன்னரே சொல்லிவைக்க வேண்டும். தொழின்முறைச் சுமோ மேடையிற் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். 2018 ஏப்ரலில் மைசுரு என்ற ஊரில் இதே ஊர்ச் சுற்றின்போது, மேடையில் உரையாற்றிய நகர முதல்வர் மயங்கி விழுந்தார். ஓடிச்சென்று உயிர் காக்க முயன்ற பெண்களை மேடையை விட்டு இறங்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். வழக்கம் மட்டும் மாறவில்லை. பாடசாலையிற் கபடி ஆடும் பெண்பிள்ளை என்று கடிதத்திற் காண்கிறோம். அவள் காரணம் கேட்பாள். “அங்கே அப்படித்தான்” என்று வாயை அடைக்காமல் இந்தச் சம்பவத்தையே சொல்லுங்கள். தொழின்முறைக்கு வெளியே பெண்களும் சுமோ பயில்கிறார்கள், 2001 முதல் உலகப் போட்டியும் அவர்களுக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவளுக்குத் தானும் தள்ளிப் பார்க்க ஆசையிருந்தால் வேறு வழி உண்டு. ஓய்வுபெற்ற மல்லர்கள் உணவுடன் காட்சி நடத்தும் மண்டபங்கள் 2024 இல் டோக்கியோவின் அசகுசாவிலும் ஒசாக்காவின் நம்பாவிலும் தொடங்கப்பட்டன. பஞ்சு அடைத்த பெரிய அங்கியை மாட்டிக்கொண்டு பார்வையாளரும் மேடையேறி மல்லரைத் தள்ளிப் பார்க்கலாம். இது வேடிக்கைக் காட்சி. இதைச் சுமோ என்று பெரியவரை ஏமாற்றி அழைத்துப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுதுக்கு ஆகும். விலையும் சற்றுக் கனதி.

மீதி நேரத்துக்கு ரியோகொகு என்னும் பகுதிக்குப் போகலாம். 1985 இல் திறக்கப்பட்ட கொகுகிகான் மண்டபமும், அதனுள்ளே கட்டணமில்லாத சுமோ நூதனசாலையும் அங்கேயுள்ளன. நூதனசாலை வார நாட்களில் மட்டுமே. திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து போகவும். நடந்து போகும் தூரத்தில் எக்கோயின் என்ற பௌத்த ஆலயம். பழங்காலத்தில் அதன் முற்றத்திலேதான் போட்டிகள் நடந்தன; முதலாவது மண்டபம் 1909 இல் அங்கேயே எழுந்தது. இறந்த மல்லர்களின் நினைவாக 1936 இல் நாட்டிய பெருங்கல் ஒன்று இன்னும் நிற்கிறது. இளைய மல்லர்கள் பருத்தி அங்கியுடன் கடைக்குப் போவதையும் அத்தெருக்களிற் காணலாம். கூந்தல் எண்ணெயின் வாசனை முன்னே வரும், ஆள் பின்னே வருவான்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மல்லரின் உணவு ‘சங்கோ’ என்னும் பெருஞ்சட்டிக் குழம்பு. ரியோகொகுவில் அதற்கென்றே கடைகள் உள. கோழி விசேஷம். கையை நிலத்தில் ஊன்றினால் மல்லனுக்குத் தோல்வி. கோழியோ இரண்டு காலில் நிற்கிறது. எனவே சுபம் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரியவர் வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் மரக்கறிச் சட்டி என்று கேட்டாலும் அடிச்சாறு மீனிலோ கோழியிலோ எடுத்ததாகவே இருக்கும். அந்த நாளுக்குக் கொழுந்தனார் வீட்டிற் சோறாக்கி விடுவதே மேல்.

கடிதத்தின் ஓரத்தில், பேனையின் நிறம் மாறி, இன்னும் ஒரு கேள்வி இருந்தது. மகன் எழுதியிருக்கிறான் என்பது எழுத்திலேயே தெரிகிறது. சவாரி மாட்டின் கழுத்திற் கட்டிய மணி ஒன்று வீட்டில் எஞ்சியிருக்கிறதாம். அப்பப்பா அதை அந்த மல்லருக்குக் கொடுக்க எண்ணுகிறார், விமானத்தில் விடுவார்களா?

தம்பி, வெண்கல மணிக்குத் தடையில்லை. பெரிய பெட்டிக்குள் துணியிற் சுற்றி வை. ஆனால் மண்ணும் நெல் வைக்கோலும் யப்பானுக்குள் கொண்டுபோகத் தடை செய்யப்பட்டவை. மணியின் உட்புறத்தில் பழைய மண் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடு. கழுவுமுன் அப்பப்பாவைக் கேள். ஊர்ச் சுற்றிற் காலைப் பயிற்சி முடிந்து மல்லர்கள் வெளியே வரும் வேளையில், சனக்கூட்டத்துக்கு முன்னால் நிற்பதற்கு 9 மணிக்கே போய்விட வேண்டும். கிடைக்காமற் போனால், அவர் சேர்ந்திருப்பது அஜிகவா மனை. சித்தப்பா யப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதி அங்கே சேர்ப்பிக்கட்டும். கடிதத்தில் மாடுகளின் பெயர்களையும் எழுதச் சொல்.